முதுகில் ஒரு ரூபாய்

ஜூலை 6, ஞாயிறு

காற்று. ஆடி பிறப்பதற்கு முன்பே ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு எதிர்க் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மேல். மீட்க வேண்டும்.

முதுகில், இடப்பக்கம், ஒரு மச்சம். என்னுடையதுதான், ஆனால் நான் நேரில் பார்த்ததில்லை. சென்ற வாரம் முதுகு தேய்த்துக்கொண்டிருந்த வசந்தியின் கை அங்கே நின்றது. "ஏங்க, இது முன்னாடி இவ்ளோ கறுப்பா இல்லையே."

புத்தூரில் தோல் டாக்டரைப் பார்த்தோம். கனிவானவர். "இப்பவே பயப்பட வேண்டாங்க. அளவு தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து வைங்க. ஒரு மாசம் கழிச்சு அதே மாதிரி இன்னொண்ணு. வளர்ந்திருந்தா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்." எதற்கான டெஸ்ட் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வசந்தி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இன்று காட்டூரிலிருந்து அவள் தம்பி சேகர். திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை. ஞாயிறுதோறும் புகைப்படக் கலைஞன். கேமரா, மேக்ரோ லென்ஸ், முக்காலி, குடை போட்ட விளக்கு. எங்கள் கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்தவர்கூட இவ்வளவு சுமந்து வரவில்லை.

"அத்தான், மூச்ச நிறுத்துங்க."

நிறுத்தினேன். மறுபடி விடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மச்சத்தின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டச் சொன்னது நான். வாகனக் காப்பீட்டில் என் பிழைப்பே அது. நசுங்கிய கதவாக இருந்தாலும் நாணயம் இல்லாத படத்தை ஏற்க மாட்டேன்.

வாங்க: ரவை, குளியலறை பல்ப்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புழுக்கம். காலையில் மின்தடை. ஆடிப்பெருக்குக்காக மகள் அபி சென்னையிலிருந்து வந்தாயிற்று. கூடவே ஒரு கிளிப் லென்ஸ். துணிக்குப் போடும் கிளிப், அதன் நுனியில் கண்ணாடிக் குமிழ். போனின் கேமராவைக் கவ்விக்கொள்கிறது.

மாதம் ஆகப்போகிறது. சேகருக்கு இந்த வாரம் ஷிப்ட்.

"மாமா எதுக்குப்பா? இதுல எறும்போட கண்ணே தெரியும்."

முதல் படம் முழு இருட்டு. போனில் மூன்று கேமரா, கிளிப் கவ்வியது தவறான ஒன்றை. இரண்டாவதில் அவள் கட்டைவிரல். மூன்றாவது அற்புதம்: ஒவ்வொரு மயிரும் தென்னை மரம்போல.

பழைய படம், புதிய படம். இரண்டிலும் நாணயம் ஒரே அளவு வரும்படி மடிக்கணினியில் பொருத்தினாள். நாணயம் பொருந்தியது. மச்சம் பொருந்தவில்லை. புதியதில் பெரிது. ஐயத்துக்கு இடமில்லாமல்.

அபி மடிக்கணினியை மூடினாள்.

வசந்தி: "ஒண்ணும் இருக்காதுங்க."

சேகருக்கு போன். ஸ்பீக்கரில் கத்தினான். "அந்தப் பொம்மைய வச்சா எடுத்தீங்க? அது எல்லாத்தையும் உப்ப வச்சுக் காட்டும். பலூன் மாதிரி!"

அபி: "அப்ப காசும் உப்பணும்ல மாமா? அது மட்டும் ஏன் உப்பல?"

"ஓரத்துல ஒரு மாதிரி, நடுவுல ஒரு மாதிரி வளையும்டி. லென்ஸுன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"உங்க கேமரா சின்னதா காட்டியிருந்தா?"

போனை வைத்துவிட்டான். அவன் தாயைப் பழித்திருந்தால்கூட வைத்திருக்க மாட்டான்.

அபி சொல்வது சரி என்றால் எனக்கு நோய். சேகர் சொல்வது சரி என்றால் நான் நலம். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் முறையாக, மைத்துனன் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

ஆகஸ்ட் 2, சனி

மேகமூட்டம். அலுவலகம் போகவில்லை. திங்கள்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் கேட்டாயிற்று.

சேகர் இரண்டு படங்களையும் தன் புகைப்பட நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டான், கருத்துக் கேட்டு. ஒருவர்: வெளிச்சம் அருமை. இன்னொருவர்: இடப்பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். மருத்துவக் கருத்தாக எடுத்துக்கொள்ளவில்லை.

படம் எப்படியோ உறவினர் குழுவுக்கும் போய்விட்டது. உறையூர்ச் சித்தி: "முதுகுல மச்சம் ராஜயோகம்."

வசந்தி "ஒண்ணும் இருக்காது" என்று சொல்வது நிற்கவில்லை. கேட்காதபோதும் சொல்கிறாள். பால்காரரிடமும் ஏதோ ஒன்றுக்கு அதையே சொன்னாள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் சாலையில் நிற்க இடமில்லை. மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, சித்ரான்னம், போலீஸ் தடுப்பு. எங்கள் வீட்டிலும் எலுமிச்சை சாதம். நன்றாக இருந்திருக்கும்.

சேகர் பைக்கைச் சிந்தாமணியில் விட்டுவிட்டு, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து வந்தான். வழியெல்லாம் "அண்ணே, எந்த சேனல்?" என்று கேட்டார்களாம்.

"ரெண்டுலயும் எடுப்போம். இன்னிக்குத் தெரிஞ்சுடும்."

குப்புறப் படுத்தேன். தலைக்கு மேலே நீதிமன்றம். சேகர் ஒரு நாணயத்தை வைத்தான். வியர்வையில் வழுக்கி விழுந்தது. அபி சில்லறை டப்பாவிலிருந்து வேறொன்று வைத்தாள். அதற்குள் சேகர் விழுந்ததை எடுத்து அதன் மேலேயே வைத்துவிட்டான்.

"மாமா, இது ஏன் வெளிய நீட்டுது?"

"எது?"

"மேல இருக்கற காசு."

எழுந்து பார்த்தேன். இரண்டும் ஒரு ரூபாய். இரண்டிலும் சிங்கம். ஒன்று பழையது, பெரிது. ஒன்று புதியது, சிறிது.

வசந்தி சமையலறையிலிருந்து: "புதுசு சின்னதுதானே. காய்கறிக்காரம்மா அம்பது காசுன்னு சண்டைக்கு வருது."

ஜூலையில் பெரியது. வெள்ளியன்று சிறியது. சிறியதைப் பெரியதன் அளவுக்கு இழுத்தபோது என் மச்சமும் கூடவே இழுபட்டிருக்கிறது. எல்லோரும் மச்சத்தைப் பார்த்தோம்; காசை யாரும் பார்க்கவில்லை. அபி பழைய காசை வைத்து மறுபடி எடுத்தாள். சேகரும் எடுத்தான். பொருத்தினார்கள். பொருந்தியது.

"அப்பவே சொன்னேன், அந்தப் பொம்மைய நம்பாதீங்கன்னு" என்றான் சேகர்.

"காசு வைக்கச் சொன்னது ஒன் அத்தான்" என்றாள் வசந்தி.

ஆகஸ்ட் 4, திங்கள்

தூறல். புத்தூர். அபியும் வந்தாள்.

இரு தரப்புப் படங்களையும் டாக்டரிடம் கொடுத்தேன். பார்த்தார். பாராட்டினார். மேசை இழுப்பறையிலிருந்து விளக்கு வைத்த ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து, தன் போனில் மாட்டி, என் முதுகில் வைத்தார். அபி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாமாவுக்கு அப்போதே செய்தி போயிருக்கும்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வளரலைங்க. அளவு அப்படியேதான் இருக்கு."

வசந்தி மூச்சு விட்டாள்.

"ஆனா ஒரு ஓரத்துல நிறம் ஒரே மாதிரி இல்ல. எடுத்து அனுப்பிடலாமே. இருக்கா இல்லையான்னு உறுதியாத் தெரிஞ்சுக்கலாம்."

மரப்பு ஊசி. கவிழ்ந்த முகத்துக்கு நேரே தரை ஓடு, அதில் ஒரு விரிசல். வலி இல்லை. தையல். தண்ணீர் படக் கூடாது. கனம் தூக்கக் கூடாது.

முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். தையல் அரிப்பு. அபி சென்னை திரும்பிவிட்டாள். காலையில் போன்: ரிசல்ட் வந்துவிட்டது, நேரில் வாருங்கள். நேரில் ஏன் என்று சொல்லவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி போனோம்.

டாக்டர் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். "சாதாரண மச்சந்தாங்க. தையல் பிரிக்கணும்ல, அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

"நான்தான் சொன்னேனே, ஒண்ணும் இருக்காதுன்னு" என்றாள் வசந்தி, டாக்டரிடம்.

தையல் பிரித்தார்கள். நன்றி சொன்னோம். வெளியே வந்து வசந்தி செருப்புக்குள் காலை நுழைத்தாள். இடது காலில் பழுப்பு, அவளுடையது. வலது காலில் கறுப்பு, குதி உயரம், அபி வீட்டில் விட்டுவிட்டுப் போனது.

காட்டினேன். குனிந்து பார்த்தாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சுதான் கிளம்பினியா?"

"பேசாம ஆட்டோவக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன்.