தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

நான் கேட்டதற்கெல்லாம் "பொறு மலரு, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பாதிக்குப் பதில் சொல்லாமலே போய்விட்ட என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது நம் வீட்டு மூலையில் ஒரு சாக்குப் பையில் ஒரு மரக்கால் தவிடு இருக்கிறது. நம் வீட்டில் மாடு கிடையாது, கோழிகூடக் கிடையாது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதலில் செய்தி. நானும் உங்கள் மாப்பிள்ளையும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறோம். நாளை மறுநாள் காலை ரயிலுக்குக் கடலூர் போகிறோம். குமரன் பிறந்தபோதே இனி எனக்குப் பிள்ளை தங்காது என்று டாக்டரம்மா சொன்னது உங்களுக்குத் தெரியும். அவனுக்கு இப்போது ஏழு வயது. சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்து, பிள்ளை போதும் போதும் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருக்கிற காலத்தில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்கே தெரியவில்லை அப்பா. வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

வக்கீல் ஐயா சொன்ன சட்டத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மகன் இருக்கிற வீட்டில் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாதாம், மகளைத்தான் எடுக்கலாமாம். பெற்றவர்கள் யாரென்று தெரியாத குழந்தை என்பதால் கோர்ட்டு அனுமதி வேண்டுமாம். அது போன வாரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒன்று பாக்கி என்றார். "குடுக்குறவங்க கையால குடுக்கணும், நீங்க கையால வாங்கணும். அதுதாம்மா தத்து. மத்ததெல்லாம் பேப்பரு."

வாங்கணும் என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் மாப்பிள்ளை தொடையில் கிள்ளினார். அவருக்கு எங்கே தெரியும், நான் ஏற்கெனவே வாங்கப்பட்ட சரக்கு என்று!

நினைவிருக்கிறதா? சோற்றைச் சிந்தினால், ஸ்லேட்டைத் தொலைத்தால், கேள்வி கேட்டு உயிரை எடுத்தால், "ஒன்னப் போயி மங்கலம்பேட்ட சந்தையில ஒரு மரக்கா தவிட்டுக்கு வாங்கினேன் பாரு, என்னச் சொல்லணும்" என்பீர்கள். எல்லார் வீட்டிலும் எல்லாப் பிள்ளைக்கும் சொல்வதுதான். ஆனால் மற்ற அப்பாக்கள் அந்த ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். நீங்கள் தவிட்டைத் தலைதட்டி அளந்தது, தவிட்டுக்கடை பாய் மறுபடி அளக்கச் சொன்னது, நான் சாக்குக்குள்ளிருந்து தும்மியது வரைக்கும் சொல்வீர்கள். நம்பாமல் என்ன செய்வேன்?

அதில் நான் ஒன்றைக் கவனித்தேன். தம்பி சேகர் பாலைக் கொட்டினாலும் சட்டையைக் கிழித்தாலும் தவிட்டுப் பேச்சே வராது. எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. உட்கார்ந்து யோசித்தேன். என்னை மட்டும் சொல்கிறார்கள், அவனைச் சொல்வதில்லை. அப்படியானால் அவன் பிறந்தவன், நான் வாங்கினவள். அழுகை வரவில்லை. விற்றது யார், ஏன் விற்றார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அதனால்தான் அன்றைக்கு ஸ்கூலுக்குப் போகாமல் மங்கலம்பேட்டை பஸ் ஏறினேன். நீங்கள் கடைசிவரை ஊர் சுற்றப் போனேன் என்றே எல்லாரிடமும் சொன்னீர்கள். நான் விசாரிக்கப் போனேன் அப்பா. தவிடும் புண்ணாக்கும் விற்கிற பாய் கடை முன்னால் போய் நின்று கேட்டேன்.

"பாய், பீங்கான் கம்பெனி ஆளுக்கு ஒரு பொம்பளப் புள்ளய வித்தீங்களா?"

அவர் தராசை அப்படியே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா வித்தேன். நீதானா அது? ஒங்கப்பாரு குடுத்த தவிட்டுல பாதி உமி. என்னை நல்லா ஏமாத்திட்டாரு."

"என்னைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"அதெல்லாம் முடியாது தாயி. வித்த சரக்கு வித்ததுதான்."

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவர் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, பஸ் கண்டக்டரிடம் கம்பெனிக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். நீங்கள் சட்டையெல்லாம் வெள்ளை மண்ணோடு சைக்கிளில் வந்தீர்கள். அடிப்பீர்கள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என்னை முன்பாரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வரும்போது நான் கேட்டேன்: "அப்ப தம்பியயும் எங்கயாச்சும் வாங்கினீங்களா?"

சைக்கிள் நின்றது. இறங்கினீர்கள். "அவன் வாங்கினவன் இல்ல. அம்மா வயித்துல பொறந்தவன். இனிமே இந்த மாரி கேக்காத" என்றீர்கள். அதன்பிறகு மிதிக்கவே இல்லை. மணிமுத்தாற்றுப் பாலம் வரைக்கும் என்னை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தீர்கள். சிரித்த மனுஷன் ஏன் சிரிப்பை நிறுத்தினார் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

புரிந்தது உங்கள் கடைசி மாதத்தில்தான். அம்மா கஞ்சி வைக்க உள்ளே போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "மலரு, தவிட்டுப் புள்ள நீ இல்ல" என்றீர்கள். ஜுரத்தில் உளறுகிறீர்கள் என்று நினைத்து, "அது தெரியாதாப்பா எனக்கு?" என்றேன். "சேகரு" என்றீர்கள். கம்மாபுரம் பக்கம் பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் குழந்தை. அம்மா அங்கே தன் தாய்வீட்டில் நாலு மாசம் இருந்துவிட்டு, பெற்றவள் போலத் திரும்பி வந்தாள். எனக்கு அப்போது நாலு வயது, ஒன்றும் தெரியவில்லை. "அவனுக்குத் தெரியவே கூடாது. கையில அடிச்சி சொல்லு." அடித்துச் சொன்னேன். உங்கள் உள்ளங்கை சுட்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஆனால் நான் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் போகிறேன் என்றதும் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. சாதி தெரியாதே, குலம் தெரியாதே என்று பேசுவாள் என எதிர்பார்த்தேன். அவள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், "அந்தப் புள்ள உள்ள வந்தா இந்தப் புள்ள வெளிய போயிடும்டி" என்றாள்.

"என்னாம்மா பேசற?"

"ஊரு வாய மூட முடியுமா? தத்துப் புள்ள, தத்துப் புள்ளன்னு பேச ஆரம்பிச்சா கம்மாபுரத்துல எவளாவது ஒருத்தி பழச எடுத்து வுடுவா. அவன் காதுல வுழுந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவனுக்குச் சோறு போடுவேன்?"

அந்த வாரம் முழுக்கச் சேகரைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்திரண்டு வயது ஆள். ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் சூளை அடுக்குகிறான். உங்களைப் போலவே செருப்பைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். அந்தப் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது? ரத்தத்தில் வராதது வேறு எந்த வழியில் வருகிறது?

ஒரு கட்டத்தில் வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டேன். அந்தக் குழந்தை இருக்கிற கடலூர் ஹோமுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று கம்பெனியில் நான் கண் எழுதிய பீங்கான் பொம்மை ஒன்றை எடுத்துப் போனேன். ஒன்றரை வயதுக் குழந்தை அது. பொம்மையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருக்கிற ஓட்டையில் விரலை விட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தது. அப்பா, நான் உங்களிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்பீர்களே! பொம்மைக்கு அடியில் ஏன் ஓட்டை? "உள்ள இருக்கற காத்து போவ வழி வேணுமில்ல. இல்லன்னா சூளையில வெடிச்சிடும்" என்பீர்களே. வேண்டாம் என்று சொல்லப் போனவள், அடுத்து எப்போது வரட்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஹோமிலிருந்து பெரிய சிஸ்டர் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அடேயப்பா, நானே தோற்றேன், அப்படிக் கேள்வி! நான் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குமரன் அடிப்பானா. குமரனே முன்னால் வந்து, "அவ அடிச்சாதான் அடிப்பேன்" என்றான். உங்கள் மாப்பிள்ளை ரயில்வே ஆள் அல்லவா, ஒவ்வொரு கேள்விக்கும் பச்சைக்கொடி காட்டுகிற மாதிரி தலையை ஆட்டினார். அம்மா மூன்று தடவை காபி போட்டாள். சேகர் ஷிப்டு முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது சிஸ்டர் கேட்டார்கள். "இந்தக் குழந்தைகிட்ட உண்மைய எப்ப சொல்வீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வாசற்படியிலிருந்து சேகர் குரல் வந்தது.

"மங்கலம்பேட்டையில தவிட்டுக்கு வாங்கினோம்னு டெய்லி சொல்லுவோம் சிஸ்டர். எங்க வூட்டுல புள்ளைங்கள அப்படித்தான் சொல்லுவாங்க." செருப்பைப் படியில் தட்டினான். "என்னை மட்டும் சொல்லல."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் சாதாரணமாகத்தான் பேசினான். ரெண்டாங்கிளாசில் பையன்கள் எல்லாரும் தங்களைத் தவிட்டுக்கு வாங்கிய கதையைச் சொன்னார்களாம். ஒருத்தனைக் குறத்தியிடம் வாங்கினார்களாம், ஒருத்தனைக் கோயில் வாசலில் எடுத்தார்களாம். இவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்டிருக்கிறான். "நீ பொறந்தவன்டா, யாரு கேட்டாலும் அப்படிச் சொல்லுன்னாரு அப்பா. அக்காகிட்ட சொல்றப்ப சிரிப்பாரு. என்கிட்ட சொல்றப்ப சிரிக்கல. அன்னிக்கே தெரிஞ்சிபோச்சிக்கா."

பதினைந்து வருஷம்! பதினைந்து வருஷம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நமக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அவன் மூடிவைத்திருக்கிறான், அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நாம் மூடிவைத்திருக்கிறோம். என்ன மனுஷனப்பா நீங்கள்? பொம்மைக்கெல்லாம் மறக்காமல் ஓட்டை விட்டீர்களே, நம் வீட்டுக்கு ஒன்று விட்டீர்களா? கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. நீங்கள் நல்ல எண்ணத்தில் செய்ததால் அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்றும் தெரியவில்லை.

அம்மா சுவரை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒன்ன யாருடா தவிட்டுக்கு வாங்குவா? தவிடு என்னா வெல விக்கிது! ஒன்ன சும்மாதான்டா குடுத்தாங்க. ஒரு பிடி தவிடுகூட கேக்கல."

சேகர் ஒரு நிமிஷம் விழித்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், அந்த வயசு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். குமரனுக்கு ஒன்றும் புரியாமல் கூடச் சேர்ந்து குதித்தான். சிஸ்டர் மறுபடி உட்கார்ந்து நாலாவது காபி கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவன் அம்மாவிடம் கேட்டான். "அவங்க பேரு என்னாம்மா?" அம்மா யோசிக்கவே இல்லை. "அஞ்சல" என்றாள். "நல்லா சேப்பா இருப்பா. ஒன்ன ஒரே ஒரு தரம் பாத்தா." இத்தனை வருஷம் அந்தப் பேரை அவள் எங்கே வைத்திருந்தாள்? உங்களுக்குத் தெரியுமா அந்தப் பேர்? இருவரும் தனியாக இருக்கும்போது பேசிக்கொள்வீர்களா? கேட்க எவ்வளவு இருக்கிறது அப்பா, நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

தவிட்டுக்கு வருகிறேன். நேற்றுச் சேகரே மங்கலம்பேட்டைக்குப் போய் அதை வாங்கி வந்தான். பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, மூத்த மகன் துபாயில் இருக்கிறானாம். விஷயத்தைக் கேட்டதும் அவரே எழுந்துவந்து அளந்தாராம். "இந்தத் தரமாவது உமி இல்லாத தவிடா குடுங்கப்பா, பேரு கெட்டுப்போவுது" என்றாராம். ஹோமில் இரண்டு பசு இருக்கின்றன. சிஸ்டர் கையில் தவிட்டைக் கொடுத்துவிட்டுத்தான் குழந்தையை வாங்குவது என்று சேகர் ஒற்றைக்காலில் நிற்கிறான். சட்டத்தில் அப்படி இல்லையே என்றார் வக்கீல். எங்க வூட்டுச் சட்டத்துல இருக்குது என்றுவிட்டான்.

கையில் அடித்துச் சொன்னதை நான் மீறவில்லை. ஆனால் இனிமேல் அது செல்லாது. அதற்குப் பதிலாக இப்போது வேறொரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவள் சோற்றைச் சிந்தும்போதெல்லாம் தவிட்டுக் கதையைச் சொல்வேன், சாக்குக்குள் தும்மியது உட்பட. நிஜம் என்ன என்று அவள் கேட்கிற அன்று, எத்தனை வயதானாலும், பொறு என்று சொல்லாமல் அப்போதே உட்கார்ந்து சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வேன். சொல்லும்போது என் முகம் மாறாமல் பார்த்துக்கொள்வேன்.

இதை நான் எழுதும்போது சேகர் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டே இருந்தான். கையெழுத்துப் போட அவனுக்கும் இடம் வேண்டுமாம். போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு மரக்கால் தவிட்டுக்கு நீங்கள் வாங்கிய மகள்,
மலர்க்கொடி

சும்மா கிடைத்த மகன்,
சேகர்