கேன்டீன் பூனைக்குப் பதில்

இன்று காலை நம் காலனி டென்னிஸ் கோர்ட்டில் புதிய பந்து டப்பாவைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று போய், ரப்பரும் கம்பளியும் கலந்த அந்த வாசனை வந்தது. நீர் இருந்தால் முதல் மோப்பம் உமக்குத்தான். டப்பாவுக்குள் மூக்கை விட்டு, அத்தர் முகர்கிற நவாப் மாதிரி கண்ணை மூடுவீர். இன்று நானே முகர்ந்தேன். ஆத்திரம்தான் வந்தது. ஆகவே, மகாகனம் பொருந்திய துரோகியே, கேளும்.

செகந்திராபாத்திலிருந்து ராமச்சந்திராபுரம் ஃபேக்டரிக்குப் போகிற கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் நாம் நடத்திய யுத்தத்தைப் பார்த்திருந்தால் இரண்டு உலக யுத்தங்களும் வெட்கித் தலைகுனிந்திருக்கும். டென்னிஸில் தலைசிறந்தவர் யார்? உமக்கு சுவிஸ்காரர், எனக்கு செர்பியாக்காரன். உம் ஆள் ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடித்தால் மூசி நதி நின்று வேடிக்கை பார்க்கும் என்றீர். இமயமலையையே சர்வீஸ் போட்டாலும் என் ஆள் திருப்பி அடிப்பான், அதுவும் கோட்டுக்கு உள்ளேயே விழும் என்றேன். டிரைவர் பொறுக்கமாட்டாமல் ஒருநாள், "கைக்கு லட்ரே சாப், தோனோ அச்சே ஹை" என்றார். எதற்குச் சண்டை, இருவருமே நல்லவர்களாம். நாம் ஒன்றுசேர்ந்தது அந்த ஒருமுறைதான், அவர் மேல் பாய்வதற்காக.

நான் கோப்பைக் கணக்கை எடுத்தபோதெல்லாம் உம்மிடம் ஒரே அடி இருந்தது.

"ஜெயிச்சவன்தான் பெரியவன்னா, நம்ம கேன்டீன் பூனைதாம்வே பெரியவன். எலிகிட்ட ஒருநாளும் தோத்ததில்ல."

பஸ்ஸே சிரிக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வருஷக்கணக்காக அந்தப் பூனை என் தூக்கத்தில் வந்து மீசையை முறுக்கியது.

கடைசியில் பதில் கிடைத்தது. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே உம்மைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூக்கில் குழாயோடு கிடந்தீர். உம் வீட்டம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பூனையைப் பற்றி வாயெடுப்பதற்குள் நீர் கையை லேசாகத் தூக்கினீர்.

"நக்கோவே, போதும். உம்ம ஆளுதான் பெரியவன். ஒத்துக்கிடுதேன்."

வீட்டம்மா சிரித்தார், ஒருவழியாகச் சண்டை தீர்ந்ததென்று அவருக்கு நிம்மதி. நீர் பிழைக்கமாட்டீர் என்பது டாக்டர் சொல்லி எனக்குத் தெரியவில்லை. நீர் ஒத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. மறுநாள் போயே போய்விட்டீர்.

யாரைக் கேட்டு ஒத்துக்கொண்டீர்? நான் கேட்டேனா? எதிராளி ஆட வராமல் கிடைக்கிற வெற்றிக்கு வாக்கோவர் என்று பேர். அதை என் கையில் திணித்துவிட்டுப் போக நான் என்ன கோயில் வாசலிலா உட்கார்ந்திருந்தேன்?

இப்போது உம் சீட்டில் ஒரு புது இன்ஜினியர் உட்காருகிறான். செர்பியாக்காரன் என்று நான் ஆரம்பித்தாலே, "கரெக்ட் அங்கிள், அதுல டவுட்டே இல்ல" என்கிறான். ஒரே வரியில் யுத்தம் முடிந்துவிடுகிறது. அவனை லிங்கம்பள்ளியில் ஜன்னல் வழியாக வீசிவிடலாம் போலிருக்கிறது. நேற்று பொறுக்காமல், அப்படியானால் கேன்டீன் பூனையல்லவா பெரியது என்று நானே கத்தினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டான்.

ஆகவே பதிலை உம்மிடமே சொல்லித் தொலைக்கிறேன். பூனை ஜெயித்தது எலிகளை, ஓய். என் ஆள் ஜெயித்தது பூனைகளை. உம் சுவிஸ் பூனையும் அதில் அடக்கம்.

இதற்கும் நீர் ஒன்று வைத்திருப்பீர், தெரியும். என்ன என்றுதான் தெரியவில்லை. தினமும் பஸ்ஸில் உம் பக்கத்தையும் நானே ஆடிப் பார்க்கிறேன். சனியன், வரமாட்டேன் என்கிறது.