ஆறு வருஷத்துக்கு ஒரே புள்ளி

ஏங்க, எழுந்ததும் என்னைத் தேடி வீட்டை ரெண்டாக்காதீங்க. உங்கப்பாவுக்குக் கஞ்சி அடுப்பு மேல இருக்கு. ஆறினா தொட மாட்டார், சூடு பண்ணிக் குடுங்க. பத்து மணிக்குக் கால் பயிற்சிக்காரர் வருவார். வாசல் சாவியை ஆணியிலயே விட்டுட்டு, கதவை வெறுமனே சாத்திட்டுப் போறேன்; எழுந்ததும் உள்ளே தாழ் போட்டுக்குங்க. நான் வரும்போது நீங்கதான் திறந்துவிடணும்.

நேத்து ஊர்லேருந்து வந்ததும் வராததுமா, "வீட்ல சும்மாதானே இருக்கே, அந்தப் போட்டோவையாவது ஒழுங்குபடுத்தக் கூடாதா?"ன்னீங்க. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒழுங்குபடுத்தியாச்சு. உங்க போன், என் போன், ரெண்டும் சேர்த்துப் பதினோராயிரம் படம். மங்கலானது, ரெண்டு ரெண்டா இருந்தது எல்லாம் கழிச்சாச்சு. எடுத்த இடத்தை மேப்ல காட்டுற பொத்தான் ஒண்ணு இருந்தது. அமுக்கினேன். நீங்க மெஷின் ரிப்பேருக்குப் போன ஊரெல்லாம் கடுகைக் கொட்டின மாதிரி புள்ளி புள்ளியா வந்தது. உங்கப்பா படுக்கையில விழுந்த இந்த ஆறு வருஷமா நான் எடுத்தது அத்தனையும் ஒரே புள்ளி. பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன், பிரியவே மாட்டேங்குது. நம்ம வீடு.

அதான் கிளம்பறேன். வர்ற பஸ்ல ஏறி, கடைசி ஸ்டாப்ல இறங்கி, ஒரு படம் எடுத்துட்டு, உங்கப்பாவோட சாயங்காலம் ஆறு மணி மாத்திரைக்குள்ள வந்துடுவேன்.

திரும்பி வந்து எழுதறேன்: தெருமுனை தாண்டல, உங்கப்பா இருமற சத்தம் கேட்டுது. ஓடி வந்து தலையணையை உயர்த்தி வெச்சேன். நீங்க புரண்டுகூடப் படுக்கல. பஸ் போயிடுச்சு. வாசல்ல நின்னு ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். அதே புள்ளி.

அடுத்த பஸ்ஸுக்குப் போறேன். இந்த வாட்டி அவர் இருமினா, நீங்க எழுந்திரிங்க.