சீழ் இல்லாத வீக்கம்

மார்ச் 4

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கீழ்க்கடை சலூன்காரர் எழுதுவது. நான் நலம். உன் உடம்புதான் என் கவலை.

உன் கடிதத்தை அவர்தான் படித்துக் காட்டினார். விரல் கணுவெல்லாம் வீங்குகிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை, உள்ளே அழற்சி இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராமே. "அழற்சின்னா என்னய்யா?" என்று கேட்டேன். "உள்ளுக்குள்ள எரிஞ்சு வீங்குறது" என்றார். "அப்ப கட்டிதானே?" என்றேன். "கத்திரி புடிக்கிறவன்கிட்ட வைத்தியம் கேக்கிறியே, உனக்கு முடி மட்டுமா கொட்டிப் போச்சு?" என்கிறார்.

அவர் கிடக்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. கட்டியை மூடி மூடி வைத்தால் பழுக்கத்தான் செய்யும். கீறிவிட வேண்டும். அந்த நாளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐஸ் கம்பெனியை விட்டாய், ஊரை விட்டாய், இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு விரிப்பு மடிக்கிறாய். எல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. எனக்கு எழுத்துத்தான் ஏறவில்லை. கண்ணில் பட்டது எதுவும் அழியாது. நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். படித்துவிட்டு நன்றாக அழு. வடிந்துவிடும்.

அன்றைக்கு ஐஸ் கம்பெனியில் நானும் வாசல் காவலில் இருந்தேன். நீ பச்சைக் கையுறை போட்டிருந்தாய். இடது கட்டைவிரலில் கிழிசல். உன் சிநேகிதி நெட்டச்சி, மேஸ்திரி தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நடந்து காட்டினாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அமோனியா வாயுக் குழாய் வெடித்தது. வெள்ளையாக வந்தது. முதலில் எல்லோரும் ஐஸ் புகை என்றுதான் நினைத்தோம்.

இன்றைக்கு இவ்வளவு போதும். மீதியை அடுத்ததில் சொல்கிறேன். சலூன்காரரிடம் போன் இருக்கிறது. ஒரு நாள் பேசேன், உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா


மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? சலூன் மாமாவின் டீயிலேயே பொழுதை ஓட்டாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு என்னால் விரலை மடக்க முடியவில்லை. மறுநாள் காய்ச்சல். ஈரத் துணி மூட்டையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வைக்கார அக்காதான் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டரிடம் உங்கள் கட்டி வைத்தியத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆபத்து வந்தா உடம்பு சண்டைக்கு நிக்கும்மா. ஆபத்து போனதும் ஓயணும். உங்களுக்கு ஓயலை. பயம் அழற்சியக் கிளப்புது, அழற்சி மூளை வரைக்கும் போயி பயத்தக் கிளப்புதுன்னு நினைக்கிறோம். எது முன்னாடி, எது பின்னாடின்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலை" என்றார்.

இது சீழ் இல்லாத வீக்கம் அப்பா. கீறுவதற்கு இடமில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமாம். ஆனால் நான் தாங்குகிற அளவுக்கு, அதற்கென்று இருப்பவர் முன்னால் உட்கார்ந்து. தபாலில் வரக்கூடாது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அந்த நாளை எழுதாதீர்கள். வேறு எதையாவது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்


ஏப்ரல் 2

அன்பு மகள் வாலுவுக்கு,

தப்புதான். இனி அந்தப் பேச்சே இல்லை. "டாக்டருக்குப் படிச்ச மாதிரி கீறு கீறுன்னியே, கேட்டியா?" என்று சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே ஏசினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வேறு எழுது என்கிறாய். மாடிப்படி விளக்கு எரிவதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் மறுபடியும் குடிக்கிறார். அடுத்த வரி என்ன என்று சலூன்காரர் பேனாவைத் தட்டுகிறார்.

ஒன்றே ஒன்று மட்டும். இது கெட்டது இல்லை, நல்லது, அதனால் சொல்கிறேன். வெள்ளையில் ஒன்றும் தெரியாமல் நான் வாசலில் நின்று கத்தினேனே, "வாலு, குரல் வர்ற பக்கம் வாடி" என்று. நீ வந்தாய். அப்பாவின் குரலைப் பிடித்துக்கொண்டே உயிரோடு வந்துவிட்டாய். பயம் வரும்போது அந்தக் குரலை நினைத்துக்கொள். காய்ச்சல் இறங்கிவிடும்.

உன் அப்பா


ஏப்ரல் 20

அப்பா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். மாமா, இதை மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.

வெள்ளைக்குள் நெட்டச்சி என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்குக் கண் தெரியவில்லை. உங்கள் குரல் கேட்டது. நான் கையை உதறிவிட்டு ஓடி வந்தேன். அவள் வெளியே வரவே இல்லை.

நீங்கள் கூப்பிடாவிட்டால் நான் இல்லை. அது எனக்குத் தெரியும். உங்கள் மேல் கோபம் துளியும் இல்லை. ஆனால் உங்கள் குரலை நினைத்தால் என் உடம்புக்கு அது அப்பா குரல் என்று தெரியவில்லை. அன்றைக்கு வெள்ளைக்குள் கேட்ட குரல் என்றுதான் தெரிகிறது. கை வீங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது. நான் போன் பேசாதது இதனால்தான். போன் பேசினால் செலவு என்று முன்பு உங்களிடம் பொய் சொன்னேன்.

அன்றைக்குக் கத்திக் கூப்பிட்ட அந்தச் செல்லப் பெயரிலும் கூப்பிட வேண்டாம். இப்போது நேரில் வரவும் வேண்டாம். எனக்குச் சரியாகும்போது நானே எழுதுகிறேன். எப்போது என்று கேட்காதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

மகள்


ஜூன் 7

மகளுக்கு,

நீ வேண்டாம் என்று சொல்லியும் வந்தேன். சலூன்காரருக்கும் சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் அவருக்கே தெரிகிறது. என் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறார்.

பேச வரவில்லை. பார்க்கத்தான். சலவைக்கூடத்துக்கு எதிரில், பஸ் நிற்கும் இடத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். வேலை முடிந்து நீ வெளியே வந்தாய். மெலிந்துவிட்டாய். பையை விரலால் பிடிக்காமல் முழங்கையில் மாட்டியிருந்தாய். உன்னோடு வந்தவள் ஏதோ சொன்னாள், நீ தலையாட்டினாய்.

நீங்கள் இருவரும் வாசலைத் தாண்டும்போது அழுக்குத் துணி ஏற்றும் லாரி பின்னோக்கி உன் பக்கம் வந்தது. நீ பார்க்கவில்லை. எனக்குக் குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர், "என்னாச்சு பெரியவரே, பல்வலியா?" என்று கேட்டார்.

உன்னோடு வந்தவள் உன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நான் வைத்த செல்லப் பெயர் இல்லை, உன் சொந்தப் பெயர். நீ சட்டென்று ஒதுங்கினாய். நடுங்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தாய் என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு தூரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இனி நான் வரவும் மாட்டேன், கடிதமும் சொல்ல மாட்டேன். இதற்குப் பதில் போட வேண்டாம். கையை வருத்திக்கொள்ளாதே.

அந்தப் பெண்ணை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

அப்பா