டைப் பண்ணிட்டே இருங்க

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

இன்று அரூர் பஸ் ஸ்டாண்டில் என் வண்டியைப் பார்த்தேன். என் வண்டி என்றுதான் இன்னும் கை எழுதுகிறது. புதுக் கண்டக்டர் படியில் நின்று சேலம், சேலம் என்று கூவினார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. டிரைவர் திருமால் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். தோளைத் தட்டி என்னவோ சொன்னார். புரிந்த மாதிரி சிரித்து வைத்தேன்.

காய்ச்சல் வந்து சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததிலிருந்து இதைத்தான் பழகியிருக்கிறேன். மூளைக்காய்ச்சலில் உயிர் தப்பியதே பெரிசு என்று டாக்டர் சொன்னதைக் காவியா போனில் டைப் அடித்துக் காட்டினாள். இரண்டு காதும் போனதையும் அவள்தான் டைப் அடித்துக் காட்டினாள். கட்டின பெண்டாட்டிக்கு வந்த வேலையைப் பாருங்கள்.

காது மிஷின் வைத்துப் பார்த்தாயிற்று. உபயோகமில்லை. வெளிச் சத்தம் எதுவும் கிடையாது. உள்ளே மட்டும், வண்டி மேட்டில் இரண்டாவது கியரில் ஏறுகிற மாதிரி ஒரு இரைச்சல். அது நிற்பதே இல்லை.

பிப்ரவரி 19, புதன்

பாப்பா என்னை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வந்து சட்டையை இழுக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

மாரியம்மன் பண்டிகை. போகாமல் இருந்திருக்கலாம்.

காதோடு சேர்ந்து நடையும் போய்விட்டது. பொழுது சாய்ந்தால் கால் தள்ளாடும். காதுக்குள்ளேதான் உடம்பின் நிதானம் இருக்கிறதாம், அது கெட்டுப்போனால் அப்படித்தானாம். கோயில் வாசலில் ஒரு அம்மா மேல் லேசாக இடித்துவிட்டேன். அவர் புருசன் என் சட்டையைப் பிடித்தார். வாயைப் பார்த்தே தெரிந்தது – குடிகாரன் என்கிறார். ‘இல்லீங்க, எனக்குக் காது கேக்காதுங்க’ என்றேன். சொன்னேனா கத்தினேனா தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்ததைப் பார்த்தால் கத்தியிருக்க வேண்டும்.

எட்டு வருசம் கண்டக்டர் வேலை. ஒரு நாள் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

மார்ச் 27, வியாழன்

மனசு சரியில்லையா, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, நாங்க கேக்குறோம் என்று ஒரு சுவரொட்டி. அவங்க கேப்பாங்க. நான் எப்படிக் கேக்கறது?

போனில் தேடியதில் ஒரு குரூப் கிடைத்தது. வாழப் பிடிக்காதவர்கள் எழுதுகிற இடம். யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. உள்ளே போய்ப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும் – ஆறுதலாக இருந்தது. நான் நினைப்பதையே அவர்களும் நினைக்கிறார்கள். அங்கே நான் புரிந்த மாதிரி சிரிக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அந்தக் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அங்கே ஒருத்தர், இன்றோடு முடிக்கிறேன் என்று எழுதினார். வேண்டாங்க என்று நான் டைப் அடிப்பதற்குள் மற்றவர்கள் பதில் வந்துவிட்டது. வாழ்த்துகளாம். பூ படம் போட்டு வாழ்த்துகள்! பிறகு அந்த ஆள் எழுதவே இல்லை. யாரும் தேடவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தன் தனியாக எனக்கு, ‘உனக்குத் துணை வேணுமா?’ என்று கேட்டான்.

இவ்வளவு நாளும் இவர்களையா ஆறுதல் என்று நினைத்தேன்?

ஏப்ரல் 15, செவ்வாய்

காது இரைச்சல் பற்றி ஒரு வீடியோ. கீழே எழுத்து ஓடியதால் பார்க்க முடிந்தது. அதற்கு ஒரு பெண் கருத்து எழுதியிருந்தார்: ‘பேச்சு இருக்குது, காது போயிடுச்சு, சைகையும் தெரியாது – இப்படி நடுவுல மாட்டிக்கிட்டவங்க இருந்தா வாங்க, குரூப் இருக்குது.’

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். அதுதானே நான்!

சேர்ந்தேன். நடத்துகிறவர் அமுதவல்லி. ஆம்பூரில் வீட்டிலேயே செருப்புக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கிறார். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு காது போனதாம். புதிதாக வருகிறவர்கள் வீட்டு ஆள் ஒருவர் நம்பரையும் இருக்கிற ஊரையும் அவரிடம் கொடுக்க வேண்டும். எதுக்குங்க என்று கேட்டேன். ‘குரூப்ல கிடக்கறவங்களுக்குக் கதவைத் தட்ட ஒரு ஆள் வேணும் தம்பி’ என்றார். காவியா நம்பரைக் கொடுத்தேன்.

அந்த அக்காவுக்கு எழுத்துப்பிழை நிறைய. ஆனால் அங்கே யாரும் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. இன்று பேச்சு முழுக்க, நாம் பேசும்போது நம் குரல் எவ்வளவு சத்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது பற்றி. தொண்டையில் கை வைத்துப் பார்க்கலாமாம். காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

மே 8, வியாழன்

முதலாளியைப் பார்க்கப் போனேன். கண்டக்டர் வேலை முடியாதுங்க, ஷெட்டில் வண்டி கழுவவாவது விடுங்க என்றேன். அவர் ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: பின்னாடி வண்டி வந்தா உனக்குத் தெரியாதே, அடிபட்டா யார் பதில் சொல்றது.

அவர் சொன்னதும் தப்பில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

மே 20, செவ்வாய்

முடியல.

மே 22, வியாழன்

எழுதி வைக்கிறேன். மறந்துபோகக் கூடாது.

முந்தாநாள் காவியா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். பாப்பா மாமியார் வூட்டில். நான் மரவள்ளிக் காட்டுக் கொட்டாயில் உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் லேசு என்ற ஒரே நினைப்பு, அந்த இரைச்சலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. முடிவு செய்துவிட்டேன். குரூப்பில், ‘எல்லாருக்கும் நன்றிங்க. நல்லா இருங்க’ என்று மட்டும் போட்டேன்.

உடனே அமுதாக்கா தனியாக வந்தார்.

‘சிவக்குமார், நேராக் கேக்கறேன். உசுர விடணும்னு இருக்கீங்களா?’

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. காவியாகூடக் கேட்கப் பயந்து சுற்றிச் சுற்றி வருவாள். ஆமாங்க என்று அடித்தேன். அடித்ததும் அழுகை வந்துவிட்டது.

‘சரி. சொன்னீங்களே, நல்லது. நான் எங்கயும் போகல. நீங்களும் எந்திரிக்காதீங்க. எங்க இருக்கீங்க?’

சொன்னேன்.

‘நீங்க கண்டக்டர்தானே. அரூர்ல வண்டி ஏறறேன், சேலம் போகணும். ஸ்டாப் எல்லாம் வரிசையா சொல்லுங்க.’

இந்த அம்மாவுக்குப் பைத்தியமா என்றுதான் தோன்றியது. ஆனால் ஸ்டாப் கேட்டால் சொல்லிப் பழகிய ஆள் நான். கோபிநாதம்பட்டி கூட்ரோடு என்று அடித்தேன். ‘அங்க யாரு ஏறுவாங்க?’ பால்காரர்கள், காலேஜ் பிள்ளைகள். ‘டிக்கெட் எடுக்காம ஏமாத்தறவங்க உண்டா?’ உண்டுங்க, ஒரு பெரியவர், தினமும் தூங்கற மாதிரி நடிப்பார். ‘அவரை என்ன பண்ணுவீங்க?’ நானும் பார்க்காத மாதிரி நடிப்பேன். ‘டைப் பண்ணிட்டே இருங்க. அடுத்த ஸ்டாப்?’

பாப்பிரெட்டிப்பட்டி. மஞ்சவாடி கணவாய். கணவாயில் வண்டி திரும்பும்போது குழந்தைகள் வாந்தி எடுப்பதும், நான் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பதும் எல்லாம் எழுதினேன். நடுவில் கை நின்றால், ‘தம்பி? நான் இங்கதான் நிக்கறேன், இறங்கல’ என்று வரும்.

அயோத்தியாப்பட்டணம் வந்தபோது கொட்டாய்க்கு முன்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. வயசான ஒரு ஆள், சட்டை முழுக்க வேர்வை. போனை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். ‘நான் சவுரியப்பன். பள்ளிப்பட்டி. அமுதா அனுப்புச்சு.’ அவரும் குரூப்தான். பழைய டிராக்டர் டிரைவர், அவருக்கும் காது கிடையாது. என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

அப்புறம் காவியா ஓடி வந்தாள். செருப்பைக் காணோம். என்னிடம் ஸ்டாப் கேட்டுக்கொண்டே அக்கா அவளுக்கும் சவுரியப்பன் ஐயாவுக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். காவியா போனில், ‘ஏன் மாமா எங்கிட்ட சொல்லல’ என்று அடித்தாள். அழித்தாள். நான் பார்த்துவிட்டேன். பிறகு, ‘வூட்டுக்குப் போலாம் வாங்க’ என்று அடித்தாள்.

மே 26, திங்கள்

தர்மபுரியில் அரசு ஆஸ்பத்திரி. மனநல டாக்டர். அக்கா விடவில்லை – ‘நாங்க மருந்து இல்ல தம்பி, டாக்டரைப் பாருங்க’ என்று தினமும் கேட்டார். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, டைப் அடித்தே பேசினார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இந்த இரைச்சலோடு வாழப் பழக ஒரு பயிற்சியும் உண்டாம்.

காவியாவிடம், நான் போயிட்டா உங்களுக்கு லேசுன்னு நினைச்சேன் என்று சொன்னேன். அவள் பஸ்ஸிலேயே என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அதற்கு டைப் தேவைப்படவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அமுதாக்காவை நினைத்தால் ஆச்சரியம் தீரவில்லை. அன்றைக்கு அவர் தைத்து அனுப்ப வேண்டிய சரக்கு அப்படியே நின்றுபோய், கம்பெனிக்காரரிடம் திட்டு வாங்கினாராம். சவுரியப்பன் ஐயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா சொல்லவே இல்லை. ‘எல்லாம் சரியாயிடும்’ என்று அவர் ஒரு தடவைகூட எனக்கு எழுதியதில்லை. பொய் சொல்லாமல் ஒருத்தரைப் பிடித்து நிறுத்த முடியும் என்பதே எனக்கு அவரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

பார்சல் ஆபீஸில் வேலை. சரக்குக்குச் சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். வேலை சொல்கிறவர்கள் சிலேட்டில் எழுதிக் காட்டிவிடுகிறார்கள். இரைச்சல் இருக்கிறது. சில நாள் அதை மறந்துவிடுகிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

மத்தியானம் குரூப்பில் அமுதாக்கா எழுதினார்: ‘இன்னிக்கு என்னால முடியல. யாராச்சும் கூட இருங்க.’

அவருக்கேவா? சின்ன மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து வீட்டில் தனியாம், பல நாளாகத் தூக்கமில்லையாம். நான் உடனே தனியாகப் போய், பயத்தோடுதான், அவர் என்னிடம் கேட்ட மாதிரியே நேராகக் கேட்டேன். பிறகு, ‘அந்த அளவுக்கு இல்ல தம்பி. ஆனா கேட்டீங்களே’ என்று வந்தது.

குரூப் முழுக்க மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர் கோழிக்குஞ்சு படம் போட்டார். ஒரு அம்மா குழம்பு வைக்கும் பக்குவம் கேட்டார். மூத்த மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்த பிறகுதான் நாங்கள் விட்டோம்.

மற்றவர்களைத் தாங்குகிறவர் என்பதால்தான் அவரை இவ்வளவு நாளும் பெரிய மனுசியாக நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் முடியல என்று எழுதினாரே – அதற்கு இன்னும் பெரிய மனசு வேண்டும். நான் அந்த ஒரு வார்த்தையை இந்த நோட்டில் அல்லவா ஒளித்து எழுதினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

காவியா, பாப்பா, நான், சவுரியப்பன் ஐயா. மொரப்பூரில் ரயில் ஏறி ஆம்பூர் போனோம்.

அமுதாக்கா குள்ளம். நான் உயரமாக நினைத்திருந்தேன். வாசலுக்கே ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நானும் பேச ஆரம்பித்தேன். எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது, என் கண்ணும். சவுரியப்பன் ஐயாவும் நடுவில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

காவியா சிரித்துச் சிரித்துக் குனிந்துவிட்டாள். பிறகு போனை நீட்டினாள். மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் படித்தோம்.

‘மூணு பேரும் ஒரே நேரத்துல கத்தறீங்க. அவங்க சாப்டீங்களாங்கறாங்க. நீங்க உங்களாலதான் உசுரோட இருக்கறேங்கறீங்க. இவர் கக்கூஸ் எங்கங்கறார். சண்டைன்னு நெனச்சுத் தெருவே வாசல்ல நிக்குது. கொஞ்சம் நிறுத்தறீங்களா?’

முடியாது என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேனாம்.