டெம்ப்ளேட்டில் இல்லாத இறக்கை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். குகட்பள்ளியில் மெட்ரோ ஏறும்போதே குடைக்கம்பி உடைந்தது. அமீர்பேட்டில் வண்டி மாறும்போது ஒருத்தி என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தாள். ஹப்சிகுடா ஆபீசில் ஏ.சி. ஈரத் துணியோடு நடுக்கம்.

வேலை: மேம்பாலத்தின் இரண்டாவது ரேம்ப். வளைந்து கீழே இறங்குவது. பெட்டி வடிவக் கான்கிரீட், அதன் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தளம். வளைவின் வெளிப்பக்கம் நடைபாதை வருவதால் அந்த இறக்கை மட்டும் நீளம். சாஃப்ட்வேரில் ரெடிமேடாக இருக்கும் டெம்ப்ளேட்டில் இரண்டு இறக்கையும் சமம். ஒன்றை நீட்டினால் மற்றதும் கூடவே நீள்கிறது. எவன் எழுதினானோ.

அதனால் குறுக்குவெட்டை நானே வரைந்தேன். ஒவ்வொரு புள்ளியாக. முதலில் வெளிக்கோடு, பிறகு உள்ளே இருக்கும் வெற்றிடம். ஓடவிட்டால் எடை எக்கச்சக்கம். பெட்டிக்குள் இருக்கும் காலி இடத்தையும் கான்கிரீட் என்று எண்ணிக்கொண்டது சனியன். வெளிக்கோட்டை வலமாகச் சுற்றினால் உள்கோட்டை இடமாகச் சுற்ற வேண்டுமாம். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நானாகக் கண்டுபிடிப்பதற்குள் மதியச் சாப்பாடு போச்சு.

சாயங்காலம் சரியாக ஓடியது. ஓடின பிறகுதான் வினை. கடைசித் தூணில், உள்பக்க பேரிங்கில், சுமை மைனஸ்.

மைனஸ் என்றால் பாலம் அந்த இடத்தில் உட்காரவில்லை. எழும்புகிறது.


ஜூலை 8, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயவில்லை.

காலையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். பரப்பு, மையம், எல்லாம் கையால். என் குறுக்குவெட்டு சரி. மைனஸும் சரி.

தேவராஜ் சாரிடம் போனேன். எங்கள் டீமின் தலை. பொள்ளாச்சிக்காரர். மீட்டிங்கில் இங்கிலீஷ் தவிர வேறு வராது. என்னிடம் ஏதாவது ஆக வேண்டும் என்றால் மட்டும் தமிழ், அதுவும் தேன் தடவி.

"ஏனுங் அம்மிணி, மொத்த அகலம் அதேதானுங்? கான்கிரீட்டும் அதேதானுங்? அப்புறம் எடை எங்க போயிரும்?"

"எடை எங்கயும் போகல சார். தள்ளி உக்காருது. வெளிப்பக்கமா."

"டெம்ப்ளேட்டப் போட்டா?"

"டெம்ப்ளேட்ல ப்ளஸ்தான் வரும். ஆனா டெம்ப்ளேட்ல இருக்க பாலத்தையா நாம கட்டப் போறோம்?"

சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தூண் தலை வரைக்கும் கான்கிரீட் போட்டாச்சுங். இப்பப் போய் பேரிங்க நகர்த்தோணும்னா கான்ட்ராக்டர் நம்மளத் தின்னுபோடுவான். முதல் ரேம்ப்பும் டெம்ப்ளேட்டுலதானுங் பண்ணுனோம். ஓடிக்கிட்டுத்தான இருக்குது? போட்டு அனுப்பிருங் அம்மிணி."

அம்மிணி! கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது மாதிரி. எனக்குத் தலை நரைத்தாயிற்று, பாலம் வரைந்தே. இந்த ஆளுக்கு நான் இன்னும் அம்மிணி.

முடியாது என்றேன். "செரி, பாக்கலாமுங்" என்றார். அந்தச் 'செரி'யை நம்பியிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ராபின் கேட்டார், முகம் ஏன் இப்படி என்று. அவர் மத்திய அரசு ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவு. பாலம் தெரியாது. சொன்னேன்: "கட்டில் காலுக்கு வெளிய ஓரமா உக்காந்தா என்னாகும்? எதிர்ப்பக்கத்துக் கால் ரெண்டும் மேல எழும்பும்லா? அதான். பேரிங்னு அடியில வைக்கறது வெறும் ரப்பர் மெத்தை. பாலத்தத் தாங்கும். புடிச்சி வைக்காது."

"அப்ப மெயில்ல எழுதி வச்சிரு. நாளப்பின்ன பழி ஒம்மேல வராதுல்லா?"

பழி! கவிழ்வது பற்றிப் பேசுகிறேன், இவர் பழி பற்றிப் பேசுகிறார். சாப்பிடாமல் எழுந்தேன். மகள் அவரிடம் தெலுங்கில் கிசுகிசுத்தாள், "மம்மி கோபங்கா உந்தி." ஆமாம். கோபமாகத்தான் இருக்கிறாள்.


ஜூலை 9, புதன்

ஃபைலைத் திறந்தேன். என் குறுக்குவெட்டு இல்லை. அழித்தாயிற்று. அந்த இடத்தில் டெம்ப்ளேட், இரண்டு இறக்கையும் சமமாக, அழகாக. ரிப்போர்ட் அச்சாகி பைண்டிங்கும் ஆகிவிட்டது. உள்பக்க பேரிங் ப்ளஸ். அடியில் 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் என் இனிஷியல்.

என் இனிஷியல்.

மாற்றியது ஸ்ராவணி. என் பக்கத்து சீட், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாரங்கல் பெண். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "அக்கா, சார் மார்ச்சமன்னாரு. நேனு ஏம் செய்யனு?" சார் மாற்றச் சொன்னாராம், இவள் என்ன செய்வாளாம். நான் வீட்டுக்குப் போன பிறகு கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. புதுப் பெண்ணிடம் செய்யச் சொல்லிவிட்டுத் தன் கை படாமல் இருக்கிறாரே, அந்த ஆளை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

நேராக அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"என் பேரை எடுங்க சார். இல்லாட்டி என் செக்ஷனைப் போடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"உக்காருங் அம்மிணி. தண்ணி குடிங்."

"உக்கார வரல."

கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். "டென்ஷன் நக்கோ மேடம், டென்ஷன் நக்கோ," டென்ஷன் வேண்டாமாம், என்று பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். தட்டைத் திருப்பித் தள்ளின வேகத்தில் பிஸ்கட் இரண்டு கீழே விழுந்தது. நான்தான் தள்ளினேன். வருத்தமில்லை.

வாங்க வேண்டியது: பால், குடை, மகளுக்கு மேப் ஷீட்.


ஜூலை 10, வியாழன்

மழை. ரிவ்யூ மீட்டிங். எங்கள் கணக்கைச் சரிபார்ப்பதற்கென்று, பாலம் கட்டச் சொன்ன அரசுத் துறை வைத்திருக்கும் வேறு கம்பெனி, அதிலிருந்து ஓர் அம்மாள், திரையில். பெயர் குல்கர்னி. சிரிக்காத முகம். பிடித்திருந்தது.

தேவராஜ் சார் பக்கம் பக்கமாக இங்கிலீஷில் நகர்த்திக்கொண்டு போனார். பேரிங் பக்கம் வந்தது. 'எல்லாம் ப்ளஸ்' என்றார். அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்" என்றேன். என் லேப்டாப்பைத் திரையில் போட்டேன். ஒரு பக்கம் நாங்கள் கட்டப்போகும் டிராயிங். இன்னொரு பக்கம் ரிப்போர்ட்டில் இருக்கும் குறுக்குவெட்டு. எதுவும் விளக்கவில்லை. ஓர் இறக்கை நீளம், ஓர் இறக்கை குட்டை. பக்கத்தில் இரண்டும் சமம். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தேவராஜ் சார், அதே தேன் குரலில், இங்கிலீஷில், "ஜெசிந்தா இன்று கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்" என்றார்.

உணர்ச்சி. ஒரு ஆண் மேசையைத் தட்டினால் அது அனுபவம். நான் படத்தைக் காட்டினால் உணர்ச்சி. காது சூடேறி எரிந்தது. குல்கர்னி அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. சரியான குறுக்குவெட்டை வைத்து பேரிங் கணக்கு வர வேண்டும், அதுவரை டிராயிங் நிறுத்தம் என்றார். திரையை அணைக்கும் முன் ஒரு கேள்வி:

ஏற்கெனவே திறந்து ஓடிக்கொண்டிருக்கும் முதல் ரேம்ப்பிலும் நடைபாதை உண்டா?

"அது வேறு டீம் செய்தது," என்றார் தேவராஜ் சார்.

பொய். செவ்வாய்க்கிழமை 'பண்ணுனோம்' என்று என்னிடம் சொன்ன அதே வாய்.


ஜூலை 11, வெள்ளி

என்னை ரேம்ப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் மழைநீர்க் கால்வாய்க்கு மூடி. ரொம்ப நன்றி.

ஆனால் சர்வரில் முதல் ரேம்ப் ஃபைலைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. திறந்தேன். டெம்ப்ளேட். இரண்டு இறக்கையும் சமம். கட்டினதோ நீள இறக்கையோடு. அந்த நடைபாதையில் நானே நடந்திருக்கிறேன், மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டு.

நான் நிறுத்தினது காகிதத்தில் இருக்கும் பாலம். அங்கே பஸ் போகிறது.

திங்கட்கிழமை போட்ட அதே புள்ளிகளை அந்த மாடலில் போட்டேன். இப்போது கை தானாகப் போகிறது. ஓடவிட்டேன். மைனஸ். என்னுடையதைவிட மோசம். வளைவு அதிகம்.

பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். வெளியே வந்தபோது கோபம் மட்டும் மிச்சம்.


ஜூலை 12, சனி

லீவு. மேகம், மழை இல்லை.

ராபினை பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். மகள் பக்கத்து வீட்டில். ரேம்ப் தரைக்கு வரும் இடத்தில் கடைசித் தூண் குட்டை, எட்டிப் பார்த்தால் பேரிங் தெரியும். தூணைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் குப்பை, கரும்புச் சக்கை. ராபின் ஓர் உடைந்த கல்லைப் புரட்டிப் போட்டார். ஏறினேன்.

உள்பக்க பேரிங். முதலில் ஒன்றும் இல்லை. ரப்பரின் மேல் கான்கிரீட் உட்கார்ந்திருந்தது. நிஜமாகவே ஒரு நிமிஷம் என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று மாதாவிடம் கேட்டேன்.

லாரி வந்தது. மணல் லாரி, வெளி ஓரமாக.

ரப்பருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கத்து ரோடு, ஒரு சிவப்புத் துணி, எல்லாம் அந்தக் கோட்டுக்குள் தெரிந்தது. லாரி தாண்டியதும் பாலம் டொப் என்று ரப்பர் மேல் அமர்ந்தது. தூசி என் கண்ணில்.

அடுத்து பஸ். மறுபடி வெளிச்சம். மறுபடி டொப்.

இறங்கிவிட்டேன். ராபின் ஏறினார். வெகுநேரம் பார்த்தார். ஃபோனில் வீடியோ எடுத்தார். இறங்கினபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏட்டி, இது எந்திரிச்சி எந்திரிச்சி உக்காருது."

"அதத்தானே அன்னைக்கே சொன்னேன்."

"ஆமா. நாந்தான் கூறில்லாம பழி அது இதுன்னேன்." பிறகு, "யாருக்கு அனுப்பணும், சொல்லு. எம் பேரையும் போடு."

வீடியோ, இரண்டு மாடல், இரண்டு படம். துறை என்ஜினியருக்கு, குல்கர்னி அம்மாளுக்கு, எங்கள் எம்.டி.க்கு, தேவராஜுக்கு. பெயருக்குப் பின்னால் 'சார்' போடவில்லை. ராபின் பெயரைப் போடவில்லை. என் முழுப்பெயர் மட்டும் போட்டேன்.


ஜூலை 14, திங்கள்

எம்.டி. அறை. கண்ணாடிச் சுவர் வழியாக ஆபீசே வேடிக்கை பார்த்தது. தேவராஜ் வாய் கூசாமல் சொன்னார், இரண்டாவது ரேம்ப்பில் டெம்ப்ளேட்டைப் போட்டதே ஜெசிந்தாதான், பயத்தில் இப்போது ஊரைக் கூட்டுகிறார் என்று.

பேசினால் அடித்திருப்பேன்.

கதவு திறந்தது. ஸ்ராவணி. யாரும் கூப்பிடவில்லை. துப்பட்டா நுனியைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு, எம்.டி.யைப் பார்த்து தெலுங்கில் சொன்னாள்: "மார்ச்சிந்தி நேனே சார். ஆயன செப்பித்தேனே மார்ச்சானு." மாற்றியது நான்தான். இவர் சொல்லித்தான் மாற்றினேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

தேவராஜ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

எம்.டி. அவரை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு என்னிடம், நல்லவர் மாதிரி, "நேராகத் துறைக்கு அனுப்பும் முன் என்னிடம் வந்திருக்கலாமே." இவரும்தான். யாருக்குமே பஸ் கண்ணில் படவில்லை, மெயில்தான் படுகிறது.

ஸ்ராவணிக்கு கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சாசரில் கொட்டிவிட்டாள். "எங்க நான்னா திட்டுவார் அக்கா, வேலை போச்சுன்னா" என்றாள், ஓட்டைத் தமிழில். என்னிடமிருந்து பொறுக்கிக்கொண்ட தமிழ். அப்பா திட்டட்டும், நான் வந்து அவரிடம் பேசுகிறேன் என்றேன்.

மாலை துறை என்ஜினியர் ஃபோன். கிரேன் கூடையில் ஏறிப் பார்த்தாராம். மற்ற தூண்களில் பரவாயில்லை, கடைசியில்தான். "மேடம், இன்று ராத்திரிக்குள் அடைக்கிறோம்." பெட்டிக்குள் உள்பக்கமாகக் கான்கிரீட் நிரப்பி எடை ஏற்ற முடியுமா, கணக்குப் போட்டுத் தர முடியுமா என்றார். தேவராஜ் லீவில் போயிருக்கிறாராம். கால்வாய் மூடி யாராவது போடட்டும்.


ஜூலை 16, புதன்

ரேம்ப் அடைத்தாயிற்று. மஞ்சள் தடுப்பு, மணல் மூட்டை. சைட்டுக்குப் போக ஆட்டோ. மேலே போக வழியில்லாமல் எல்லா வண்டியும் கீழே. நகரவே இல்லை. ஹார்ன் சத்தத்தில் தலை வெடித்தது. மழை வேறு.

ஆபீசில் பாதிப் பேர் பேசுவதில்லை. லிஃப்டில் ஒருத்தன் என்னைப் பார்த்துவிட்டுப் படியில் போனான். போ.

ஆட்டோக்காரர் ஹேண்டில்பாரைக் குத்தினார். "அச்சா பலா ரோடு. கோன் பந்த் கராயா இஸ்கோ? தமாக் நை உஸ்கு!" நல்லா இருந்த ரோட்டை அடைத்தவனுக்கு மூளை இல்லையாம். அவன் குடும்பத்தையும் சேர்த்து இழுத்தார்.

இத்தனை நாள் கத்தாத கத்தல் எல்லாம் தொண்டைக்கு வந்தது.

"மைனே பந்த் கராயா பாயி! மைனே!" நான்தான் அடைக்க வைத்தேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஈரத் தலை, மடியில் லேப்டாப், கழுத்தில் ஐ.டி. கார்டு.

"ஹவ்?" என்றார், அப்படியா என்கிற மாதிரி. "கைக்கு?"

ஏன் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறந்தேன்.