ஆல்சிட் மெற்றோயேவின் பள்ளி

பிப்ரவரி 7, 2012, லூசியானா

நடுநிலைப் பள்ளியிலிருந்து மிஸ் பிரான்ட் என்ற வெள்ளைக்காரப் பெண் போனில் பேசினாள். "ஒடீல், கறுப்பு, வெள்ளைப் பிள்ளைங்க ஒண்ணாப் படிக்க ஆரம்பிச்ச கதையை எங்க ஏழாம் வகுப்புக்கு வந்து சொல்லணும். சந்தோஷமா முடிச்சிடுங்க, ப்ளீஸ்."

"மிஸஸ் மெற்றோயே" என்று திருத்தினேன்.

சந்தோஷமாக முடிக்கவா? 1969-இல் எங்கள் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளியை மூடித்தான் ஒன்றாக்கினார்கள். அதன் தலைமையாசிரியராக இருந்த என் கணவர் ஆல்சிட்டை, வெள்ளையர் பள்ளியில் பேருந்துகளை மேய்க்க விட்டார்கள். அதைச் சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

பிப்ரவரி 9

பள்ளியிலிருந்து பாடத்தாள் வந்தது. தலைப்பு: 'கதவுகள் திறந்த நாள்'. மூடிய கதவைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிப்ரவரி 14

போனேன். சொன்னேன். டெலேனி என்ற வெள்ளைச் சிறுமி கை தூக்கினாள். "எங்க தாத்தா சொன்னாரு, அப்ப எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்களாம்."

"உங்க தாத்தா இருந்திருப்பாரு."

நம் கறுப்புப் பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன், "அப்போ பழைய பள்ளிக்கூடமே தேவலையா, மேடம்?" என்றான். தேவலையா! கூரை ஒழுகும், வெள்ளைப் பிள்ளைகள் கிழித்துப் போட்ட புத்தகம்தான் வரும். "ஒண்ணாப் படிச்சது நியாயம். அதுக்கு எங்க பள்ளிக்கூடத்தைப் பலி கொடுத்தது அநியாயம். ரெண்டையும் எழுதிக்கோங்க."

பிப்ரவரி 16

டெலேனியின் அம்மா புகார் செய்தாளாம். என் அடுத்த வகுப்பு ரத்து. தலைமையாசிரியர் போனில் குழைந்தார். "கொஞ்சம் மென்மையாப் பேசியிருக்கலாமே."

"நான் பேசினதுல எது பொய்?"

பயந்தாங்கொள்ளி. ஆல்சிட் வகித்த பதவியில் இப்படி ஓர் ஆள்! மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எனக்குப் பணிவு கற்பித்தார்கள் — இவர்களிடம் காட்ட அல்ல.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்குகிறது. மன்னிக்க வேண்டிய நாள். மன்னிக்கவில்லை.

பிப்ரவரி 28

வாசலில் மிஸ் பிரான்ட். "மிஸஸ் மெற்றோயே, வியாழக்கிழமை பிள்ளைங்களை நடக்கக் கூட்டிட்டுப் போறேன். உங்க பள்ளிக்கூடம் இருந்த இடத்துக்கு. நீங்களும் அந்தப் பக்கம் வந்தா, யாரால தடுக்க முடியும்?"

"உன் வேலை போயிடும்."

"போகலாம்."

காபி கொடுக்கவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 1

முழங்காலளவு புல். அஸ்திவாரக் கற்கள் மட்டும் மிச்சம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கைத்தடியால் காட்டினேன். இது வாசல். இது தாழ்வாரம். இது தலைமையாசிரியர் மெற்றோயே அவர்களின் அறை.

அங்கேதான் டெலேனி நின்றுகொண்டிருந்தாள். கீழே பார்த்தாள். சட்டென்று கல்லைத் தாண்டி வெளியே போய் நின்றாள்.

"உள்ள வரலாமா, மேடம்?"

"சூயிங்கத்தைத் துப்பிட்டு வா" என்றேன்.